பாஸ்டன் நகரின் வெள்ளித் தட்டார்

புதுப் பாத்திரம் வாங்கியதும் நம் வீடுகளில் முதலில் நடக்கும் காரியம் அதில் பெயர் வெட்டுவது. எவர்சில்வர் குடமானாலும் சரி, பித்தளைப் போணியானாலும் சரி, வெட்டுகிறவர் சிற்றுளியை வைத்துத் தட்டித் தட்டி எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக இறக்கிவிடுவார். வெள்ளி டம்ளர் என்றால் பெயரோடு தேதியும் சேர்ந்துகொள்ளும். பெயரில்லாத பாத்திரம் கலியாண வீட்டில் கைமாறிப் போனால் வீடு திரும்பாது என்பது நம் தாய்மார்கள் நன்கு அறிந்த உண்மை.

இதே வழக்கம் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்கக் கீழ்க்கரையில் உள்ள பாஸ்டன் நகரத்திலும் இருந்தது. பெயர் வெட்டிய வெள்ளிக் கிண்ணங்களைச் செய்து கொடுத்துப் பிழைத்த ஒரு மனிதரின் வாழ்க்கையை இம்மலரில் சொல்லப் புகுகிறோம். அவர் பெயர் பால் ரெவியர். ஓர் இரவு குதிரை மீதேறிச் சென்று ஊரை எழுப்பியவர் என்றே உலகம் அவரை அறிந்திருக்கிறது. ஆங்கிலப் பாடல் படித்த மாணவிகள் சிலருக்கும் அவ்வாறே அறிமுகமாகியிருப்பார். ஆனால் அந்தச் சவாரி ஓர் இரவுக் காரியம். வெள்ளிப் பட்டறையோ நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்பு.

அக்காலப் பாஸ்டனில் வெள்ளிப் பாத்திரம் வெறும் ஆடம்பரம் அன்று. பணத்தைப் பாதுகாக்க முறையான வங்கி எதுவும் கிடையாது. முதல் வங்கி 1784-இல்தான் தோன்றியது. வணிகர்கள் கையில் புழங்கியவை பெரும்பாலும் ஸ்பெயின் நாட்டு வெள்ளி நாணயங்கள். பை நிறைய நாணயம் வைத்திருப்பவன் வீட்டில் திருடன் புகுந்தால் அவ்வளவுதான்; எது யார் நாணயம் என்று எப்படிச் சொல்வது? ஆகவே நாணயங்களைத் தட்டாரிடம் கொண்டுபோய் உருக்கச் சொல்லிக் கிண்ணமாகச் செய்து, குடும்பப் பெயரின் எழுத்துகளை வெட்டி வைத்துக்கொண்டார்கள். விருந்தின்போது அதில் பருகலாம். கஷ்டம் வந்தால் நிறுத்து விற்கலாம். களவு போனால் பத்திரிகையில் அடையாளம் சொல்லி விளம்பரம் செய்யலாம். நம் பாட்டிமார் நகையை எப்படிப் பார்த்தார்களோ, அப்படியே அவர்கள் கிண்ணத்தைப் பார்த்தார்கள்.

அந்த வெள்ளி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பகுதி மெக்சிகோவிலும், இன்றைய பொலிவியாவில் உள்ள பொட்டோசி மலையிலும் வெட்டி எடுக்கப்பட்டது. பொட்டோசிச் சுரங்கங்களில் அந்நாட்டுப் பழங்குடி மக்களைக் கட்டாய வேலைக்கு இறக்கினார்கள். எத்தனையோ உயிர்களின் விலை அந்த வெள்ளியில் கலந்திருந்தது. பாஸ்டனில் கிண்ணம் உயர்த்தியவர்கள் அதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு செய்தி. லண்டனில் தட்டார் சங்க மண்டபத்தில் வெள்ளியை உரைத்துப் பார்த்து முத்திரை குத்துவார்கள். ஹால்மார்க் என்ற சொல்லே அந்த மண்டபத்திலிருந்து பிறந்ததுதான். பாஸ்டனில் அப்படிப்பட்ட சோதனைச் சாவடி இல்லை. தட்டார் தம் சொந்தப் பெயரைச் சிறு அச்சாக வைத்துக்கொண்டு பாத்திரத்தின் மீது தாமே குத்திக்கொள்வார். வாங்குகிறவருக்கு அந்தப் பெயர் ஒன்றே பொறுப்பு. செம்பைக் கூட்டிக் கலந்தவன் என்று ஒருமுறை பேச்சு எழுந்துவிட்டால் அவன் பட்டறையை மூட வேண்டியதுதான். பாஸ்டனின் முதல் பெயர்பெற்ற தட்டார்களான ஜான் ஹல், ராபர்ட் சாண்டர்சன் இருவரும் 1652-இல் அந்தக் குடியேற்றத்தின் நாணயச் சாலையையே நடத்தியவர்கள் என்றால் அத்தொழிலுக்கு இருந்த மதிப்பு விளங்கும்.

ரெவியரின் தந்தை பிரான்சு தேசத்தவர். அவருடைய இயற்பெயர் அப்போலோஸ் ரிவ்வா. 1685-இல் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி தம் நாட்டுப் பிராட்டஸ்டண்டு மக்களின் வழிபாட்டு உரிமையைப் பறித்தார். இலட்சக்கணக்கானோர் நாட்டை விட்டு ஓடினார்கள். கத்தோலிக்க அரசர் செய்த கொடுமை என்பதற்காக நாம் இதை மறைக்கத் தேவையில்லை. அந்தக் குடும்பங்களில் ஒன்றிலிருந்துதான் பதின்மூன்று வயதுச் சிறுவன் அப்போலோஸ் பெற்றோரை விட்டுக் கப்பலேறி வந்து, ஜான் கோனி என்னும் பாஸ்டன் தட்டாரிடம் தொழில் பழகச் சேர்ந்தான். தொழிலைக் கற்றுத் தனிக்கடை வைத்தபோது, பாஸ்டன்காரர் வாயில் நுழையும்படி தம் பெயரைப் பால் ரெவியர் என்று மாற்றிக்கொண்டார். டெபோரா ஹிச்பார்ன் என்ற உள்ளூர்ப் பெண்ணை மணந்தார். 1734-ஆம் ஆண்டின் இறுதியில் பிறந்த மகனுக்கும் அதே பெயரை வைத்தார்கள். பழைய நாட்காட்டிப்படி டிசம்பர் 22-ஆம் நாள் குழந்தைக்குத் திருமுழுக்கு நடந்தது. பால் என்பது நம் முன்னோர் சின்னப்பர் என்று வழங்கிய அப்போஸ்தலரின் பெயரேதான். செங்கோட்டையில் பிறந்திருந்தால் அவரைச் சின்னப்பன் என்று கூப்பிட்டிருப்போம்.

சிறுவன் சில ஆண்டுகள் எழுத்துப் பள்ளியில் படித்தான். பிறகு தந்தையின் உலையடிதான் பள்ளிக்கூடம். வீட்டுக்கு அருகில் இருந்த கிறைஸ்து ஆலயத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த எட்டு மணிகள் இருந்தன. பாலும் அவன் தோழர்களும் தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டு, அந்த மணிகளை முறை வைத்து அடித்துக் காசு சம்பாதித்தார்கள். இந்த மணிக்கூண்டும் மணியோசையும் பின்னால் வேறு விதமாக அவர் வாழ்வில் திரும்பி வரும்.

1754-இல் தந்தை இறந்தார். மூத்த மகன் பாலுக்கு வயது பத்தொன்பது. சட்டப்படி இன்னும் மேஜராகாத பிள்ளை. கடையை மூடிவிட்டு வேறொருவரிடம் கூலிக்குப் போயிருக்கலாம். தாய் டெபோரா உடன் நின்றார். தம்பி தாமஸ் கைவேலை பழகினான். பட்டறை உலை அணையவில்லை. இடையில் 1756-இல் மட்டும் பிரெஞ்சுக்காரருக்கு எதிரான படையில் பீரங்கிப் பிரிவு லெப்டினென்டாகச் சில மாதங்கள் வடக்கே போய் வந்தார். மறு ஆண்டு சாரா ஆர்ன் என்பவரை மணந்துகொண்டார்.

ஒரு கிண்ணம் எப்படி உருவாயிற்று என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். நாணயங்களையும் உடைந்த பழைய வெள்ளியையும் மூசையிலிட்டுத் துருத்தி ஊதி உருக்குவார்கள். உருகியதை அச்சில் வார்த்து, ஆறிய கட்டியைச் சம்மட்டியால் அடித்துத் தகடாக்குவார்கள். தகட்டை வட்டமாக வெட்டி நடுப்புள்ளி குறித்துக்கொண்டு, இரும்பு முளைமேல் சாய்த்து வைத்து, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் தட்டுவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஓரம் சிறிது மேலெழும். அடிக்க அடிக்க வெள்ளி முறுகிவிடும்; அதற்குமேல் அடித்தால் வெடித்துப் போகும். அப்போது அதை நெருப்பில் செந்நிறமாகக் காய்ச்சி ஆற்றினால் மீண்டும் இளகும். பிறகு மறுபடியும் சுத்தியல். இப்படிப் பல முறை காய்ச்சி, பல ஆயிரம் அடி அடித்த பிறகே தட்டையான தகடு ஒட்டுப்போடாத கிண்ணமாக எழுந்து நிற்கும். சுத்தியல் தடம் மறையத் தட்டை முகச் சுத்தியலால் மெல்லத் தட்டி, நுரைக்கல் பொடியால் தேய்த்து மெருகேற்றுவார்கள். பிடியைத் தனியே வார்த்துப் பற்றவைப்பார்கள். கடைசியில் பெயர் வெட்டு. இவ்வளவு அடிகளில் ஓரடி தவறினாலும் மறுபடி உருக்கத்தான் வேண்டும்.

கிண்ணங்களில்தான் எத்தனை வகை! மூடியும் பிடியும் உள்ள பெரிய குவளைக்கு டாங்கார்டு என்று பெயர். கட்டைவிரலால் நெம்பினால் மூடி திறக்கும். மூடியில்லாமல் அடிப்பக்கம் பேரிக்காய் போல் உப்பி, வளைந்த பிடியோடு இருப்பது கேன். பிடியே இல்லாமல் நம் டம்ளரைப் போல் நேராக நிற்பது பீக்கர். ஒரே ஒரு காது வைத்த, ஆழமில்லாத சிறு கிண்ணம் போரிஞ்சர். கஞ்சியும் பாலும் ஊற்றிக் குழந்தைகளுக்குக் கொடுக்க ஏற்றது. அதன் காதில் சாவித்துவாரம் போல் அழகான துளைகள் இட்டிருப்பார்கள். பெரிய டாங்கார்டில் பீரோ புளித்த ஆப்பிள் சாறோ நிரப்பி, விருந்தினர் ஒருவர் பருகிவிட்டு அடுத்தவர் கையில் கொடுப்பார். அவரும் அதே விளிம்பில் வாய் வைப்பார். எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கப் பழகிய நமக்கு இது கூச்சமாக இருக்கலாம். அவர்களுக்கோ ஒரே கிண்ணத்தில் பருகுவது நட்பின் அடையாளம்.

அவர்களுடைய ஆலயங்களிலும் இந்த வீட்டுக் கிண்ணங்களே இடம் பெற்றன. நம் திருப்பலிப் பாத்திரம் போன்ற தனி வடிவத்தை அவர்கள் விரும்பவில்லை. சபையார் தம் வீட்டிலிருந்த பீக்கரையும் டாங்கார்டையும் உயில் எழுதி ஆலயத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அக்கால வெள்ளி இன்று கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டில் இருந்தவை பெரும்பாலும் உருக்கப்பட்டுப் போயின. ஆலயத்தில் இருந்தவை பிழைத்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுவிலக்கு இயக்கம் பரவியபோது பல வீட்டார் பாட்டன் காலத்து டாங்கார்டுக்கு மூக்கு வைத்துத் தண்ணீர்க் கூஜாவாக மாற்றிக்கொண்டதும் உண்டு.

ரெவியர் 1761 முதல் 1797 வரை எழுதிய கடைக் கணக்கேடுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் 5,000-க்கும் மேற்பட்ட வெள்ளிப் பொருள்கள் பதிவாகியுள்ளன. வெள்ளியின் எடைக்கு ஒரு தொகை, செய்கூலிக்கு ஒரு தொகை, எழுத்து வெட்டியதற்குத் தனித் தொகை என்று நம் ஊர் நகைக்கடைச் சிட்டை போலவே கணக்குப் பிரித்திருக்கிறார். டாங்கார்டும் தேநீர்ப் பாத்திரமும் கரண்டியும் கொக்கியும் வரிசையாக வந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடத்தில் வளர்ப்பு அணிலுக்கு வெள்ளிச் சங்கிலி செய்து கொடுத்த கணக்கு ஒன்று வருகிறது! அந்த அணில் அதைப் போட்டுக்கொண்டு எத்தனை நாள் பொறுமையாக இருந்ததோ!

எல்லா நாளும் நல்ல நாளாக இருக்கவில்லை. 1765-ஐ ஒட்டி பாஸ்டனில் வியாபாரம் படுத்துவிட்டது. ஆங்கில அரசு முத்திரை வரி போட்டதும் அந்த ஆண்டில்தான். கடனுக்காக ரெவியரின் உடைமைமீது நீதிமன்ற நடவடிக்கை வரும் அளவுக்கு நிலைமை முற்றியது. வெள்ளி செய்யச் சொல்லி ஆள் வராதபோது அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. செப்புத் தகட்டில் படம் வெட்டி அச்சடித்தார். ஒரு பல் வைத்தியரிடம் பழகி, விழுந்த பல்லுக்குப் பதிலாகப் பொய்ப்பல் கட்டிக் கொடுத்தார். இதற்காகப் பத்திரிகையில் விளம்பரமும் செய்தார்.

படம் வெட்டும் வேலையில் அவர் பெயருக்கு ஒரு கறையும் உண்டு. 1770 மார்ச் 5-ஆம் நாள் ஆங்கிலச் சிப்பாய்கள் பாஸ்டன் தெருவில் சுட்டதில் ஐந்து பேர் மாண்டனர். ஹென்றி பெல்ஹாம் என்ற இளைஞர் அந்தக் காட்சியை வரைந்திருந்தார். ரெவியர் அவரிடம் கேட்காமலே அதைப் பார்த்துச் செப்பில் வெட்டித் தம் பெயரைப் போட்டு முந்திக்கொண்டு விற்றுவிட்டார். பெல்ஹாம் மனம் நொந்து கடிதம் எழுதினார். ஊரெங்கும் பரவிய படம் ரெவியருடையதே. தம் பெயர் குத்திய கிண்ணத்தில் ஒரு குண்டுமணி கலப்படம் பொறுக்காதவர், இன்னொருவர் உழைப்பின்மீது தம் பெயரைப் பொறித்தது நமக்குப் புரியவில்லை. அக்காலத்தில் அச்சுத் தொழிலில் பலர் அப்படிச் செய்தார்கள் என்று சொல்வதுண்டு. அந்தச் சமாதானம் பெல்ஹாமுக்கு ஆறுதல் அளித்திருக்காது.

அவருடைய கிண்ணங்களில் பெரும்புகழ் பெற்றது 1768-இல் செய்தது. அந்த ஆண்டு மாசச்சூசெட்ஸ் சட்டசபை, ஆங்கில அரசின் புதிய வரிகளை எதிர்த்து மற்றக் குடியேற்றங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அதைத் திரும்பப் பெறும்படி அரசரின் ஆணை வந்தது. சபையில் வாக்கெடுத்தார்கள், பதினேழு பேர் பணிந்துபோக, 92 பேர் முடியாது என்று நின்றார்கள். அந்த 92 பேரையும் சிறப்பிக்கப் பாஸ்டனின் விடுதலைத் தோழர் பதினைந்து பேர் பணம் சேர்த்து ரெவியரிடம் ஒரு கிண்ணம் செய்யச் சொன்னார்கள். எலுமிச்சையும் சர்க்கரையும் ரம்மும் கலந்த பஞ்ச் என்னும் பானத்தை ஊற்றி எல்லோரும் பருகுவதற்கான அகன்ற பாத்திரம் அது. உயரம் ஐந்தரை அங்குலம். வாய் பதினோர் அங்குலம். எடை 45 அவுன்ஸ். கொள்ளளவு 45 ஜில். இந்த 45 ஒரு குறிப்பு. இங்கிலாந்தில் அரசரைக் கண்டித்து எழுதிச் சிறை புகுந்த ஜான் வில்க்ஸ் என்பவரின் பத்திரிகையில் 45-ஆம் இதழே அந்தக் கண்டனம் வெளிவந்தது. கிண்ணத்தைக் கையில் எடுத்தவருக்கு அதன் எடையே சேதி சொல்லும்! விளிம்பைச் சுற்றி அந்தப் பதினைந்து பேரின் பெயர்களையும் ரெவியர் வெட்டினார். அரசாங்கம் கண் வைத்திருந்த காலத்தில், வெள்ளியில் அழியாமல் பெயர் வெட்டிக்கொள்ளத் துணிவு வேண்டும்.

அதே 1768-ஐ ஒட்டி ஜான் சிங்கிள்டன் காப்லி என்ற பேரோவியர் ரெவியரை வரைந்தார். அக்காலத்தில் படத்துக்கு அமர்கிறவர்கள் கோட்டும் பொய்முடியும் அணிந்து பெரிய மனிதராக அமர்வார்கள். ரெவியரோ வெள்ளைச் சட்டையோடு, தம் தலைமுடியோடு, கையில் தேநீர்ப் பாத்திரம் ஏந்தி, முன்னால் மேசைமேல் சிற்றுளிகளைப் பரப்பிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். இனிமேல்தான் பாத்திரத்தில் எழுத்து வெட்ட வேண்டும்; அதற்குமுன் ஒரு கணம் நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறார். இப்படம் இன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.

1773-ஆம் ஆண்டு அவர் வீட்டில் எல்லாமே ஒன்றாக நடந்தன. மே மாதம் மனைவி சாரா இறந்தார். எட்டுக் குழந்தைகளைப் பெற்றவர் அந்தத் தாய். இலையுதிர் காலத்தில் ரேச்சல் வாக்கர் என்பவரை ரெவியர் மணந்தார். அவர் வயிற்றிலும் எட்டுக் குழந்தைகள் பிறந்தன. பதினாறு பிள்ளைகளில் தந்தையின் இறப்பு வரை உயிரோடு இருந்தவர்கள் ஐந்தே பேர். அந்த ஆண்டிலேயே டாக்டர் வில்லியம் பெய்ன் தம் மணமகளுக்காக 45 உருப்படிகள் கொண்ட வெள்ளித் தொகுதி ஒன்றைச் செய்யச் சொன்னார். ரெவியர் பட்டறைக்கு வந்த மிகப் பெரிய வேலை அது. பெய்ன் அரசரின் பக்கம் நின்றவர். விலை கொடுப்பவர் எக்கட்சி என்று பாராமல் சுத்தியல் வேலை செய்தது.

டிசம்பர் 16-ஆம் நாள் இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. அது கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை; சீனாவில் விளைந்தது. அந்தக் கம்பெனி நமக்குப் புதிதன்று. நம் ஊருக்கு வடக்கே உள்ள நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் 1755-இல் கப்பம் கட்ட மறுத்தபோது பீரங்கியோடு வந்து நின்றதும் அதே கம்பெனியின் படைதான். தேயிலை கடலில் விழுந்த செய்தியை நியூயார்க்குக்குக் குதிரைமேல் கொண்டுபோனவர் நம் தட்டார்.

1775 ஏப்ரல் 18-ஆம் நாள் இரவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம். ஆங்கிலப் படை ஆற்றைக் கடந்து கான்கார்டு என்னும் ஊரில் உள்ள ஆயுதங்களைப் பறிக்கப் புறப்படுகிறது என்று மருத்துவர் ஜோசப் வாரன் சொல்லியனுப்பினார். ரெவியர் ஏற்பாட்டின்படி கிறைஸ்து ஆலயக் கோபுரத்தில், அவர் சிறுவனாக மணியடித்த அதே கோபுரத்தில், இரண்டு விளக்குகள் தூக்கிக் காட்டப்பட்டன. அவர் படகில் அக்கரை சேர்ந்து, இரவல் குதிரையில் லெக்சிங்டன் வரை வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு போனார். வேறு வழியாக வில்லியம் டாஸ் என்பவரும் புறப்பட்டிருந்தார். லெக்சிங்டனைத் தாண்டியதும் ரெவியரைச் சிப்பாய்கள் பிடித்துக்கொண்டார்கள். குதிரையைப் பறித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். இடையில் சேர்ந்துகொண்ட இளைஞர் சாமுவேல் பிரெஸ்காட் தப்பிப் போய்க் கான்கார்டுக்குச் செய்தி சொன்னார். நம்மவர் நடந்தே திரும்பினார்.

அந்த இரவுக்குப் பின் அவர் பாஸ்டனுக்குள் நுழைய முடியவில்லை. உள்ளே ரேச்சல் குழந்தைகளோடும் வயதான மாமியாரோடும் அடைபட்டிருந்தார். கணவர் கையில் காசில்லை என்று அறிந்து 125 பவுன் பணத்தைத் திரட்டி, ஒரு கடிதத்தையும் வைத்து, குடும்ப நண்பராக நடமாடிய டாக்டர் பெஞ்சமின் சர்ச் என்பவரிடம் கொடுத்தனுப்பினார். அந்த டாக்டர் ஆங்கிலத் தளபதி கேஜுக்கு உளவு சொல்பவர். பின்னாளில் அந்தக் கடிதம் தளபதியின் காகிதக் கட்டுகளுக்குள் கிடந்தது. போர்களைப் பற்றிய புத்தகங்கள் இதற்கு ஒரு வரிதான் ஒதுக்குகின்றன. முற்றுகைக்குள் இருந்துகொண்டு அத்தனை பணம் சேர்த்த ரேச்சலுக்கு அது ஒரு வரியாக இருந்திருக்குமா?

வாரன் ஜூன் 17-ஆம் நாள் பங்கர் ஹில் போரில் வீழ்ந்தார். எதிரிகள் அவரைப் பலரோடு சேர்த்துப் புதைத்துவிட்டார்கள். மறு ஆண்டு வசந்தத்தில் ஆங்கிலேயர் வெளியேறிய பிறகு தோண்டிப் பார்த்தபோது முகம் அடையாளம் தெரியவில்லை. ரெவியர் குனிந்து வாயைப் பார்த்தார். தாம் கம்பி வைத்துக் கட்டிக் கொடுத்த பொய்ப்பல் இருந்தது. பஞ்ச காலத்தில் வயிற்றுப்பாட்டுக்காகக் கற்ற தொழில், நண்பருக்கு மரியாதையான அடக்கம் கிடைக்கச் செய்தது. பிறகு பிறந்த மகனுக்கு ஜோசப் வாரன் என்று பெயர் வைத்தார்கள்.

இனி வருவது அவர் வாழ்வின் கசப்பான பகுதி. 1779-இல் வடக்கே பெனாப்ஸ்காட் விரிகுடாவில் ஆங்கிலேயர் கோட்டை கட்டத் தொடங்கினர். அதைப் பிடிக்க ஏறக்குறைய நாற்பது கப்பல்கள் போயின. ரெவியர் பீரங்கிப் படைத் தலைவராகச் சென்றார். தலைவர்களுக்குள் ஒற்றுமை இல்லை, வாரக்கணக்கில் தயங்கினார்கள். ஆங்கிலக் கடற்படை வந்து சேர்ந்ததும் எல்லாக் கப்பலும் அழிந்தன, அல்லது தாங்களே கொளுத்திக்கொண்டார்கள். உயிர் தப்பியவர்கள் காட்டுவழி நடந்தே ஊர் சேர்ந்தார்கள். பழியைச் சுமக்க ஆள் வேண்டியிருந்தது. பின்வாங்கும் குழப்பத்தில் ஒரு படகைக் கொடுக்கும்படி தளபதி பெலெக் வாட்ஸ்வொர்த் சொன்னபோது ரெவியர் முதலில் மறுத்தார். கைது செய்வேன் என்று தளபதி மிரட்டினார். கோழை, ஆணை மீறியவர் என்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன. பதவி பறிக்கப்பட்டது.

படகை மறுத்தது சரியல்ல என்றே நமக்கும் படுகிறது. ஆனால் கோழை என்ற சொல்லை அவரால் பொறுக்க முடியவில்லை. பெயரை அடியில் குத்திப் பிழைப்பவருக்குப் பெயர் போனால் எல்லாம் போயிற்று. தம்மை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி விசாரிக்கும்படி அவரே மனுமேல் மனுவாக எழுதினார். குற்றம் சாட்டியவர்கள் மறந்துபோகத் தயாராக இருந்தார்கள், அவர் விடவில்லை. இரண்டரை ஆண்டு கழித்து 1782 பிப்ரவரியில் நீதிமன்றம் கூடி, எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் அவரை விடுவித்தது.

போர் முடிந்தபின் பட்டறை முன்னைவிட வேகமாக ஓடியது. 1785-இல் தகடு உருட்டும் உருளை யந்திரம் வாங்கினார். கட்டியை அடித்துத் தகடாக்கும் பாடு குறைந்தது. 1788-இல் இரும்பு வார்ப்படச் சாலை. 1792-இல் முதல் ஆலயமணி. அந்த முதல் மணியின் ஓசை கரகரவென்று இருந்ததாம். விடாமல் வார்த்துப் பழகினார். அவரும் அவர் மக்களுமாக வார்த்த மணிகள் நானூற்றை நெருங்கும். 1801-இல், அறுபத்தாறு வயதில், சொத்தையெல்லாம் போட்டுக் கான்டன் என்ற ஊரில் செப்புத் தகட்டு ஆலை தொடங்கினார். மாசச்சூசெட்ஸ் அரசு மாளிகையின் குவிமாடத்துக்கும், கான்ஸ்டிடியூஷன் என்னும் போர்க்கப்பலின் அடிப்புறத்துக்கும் அவர் ஆலையின் செம்பு போயிற்று. இதற்கிடையில், 1781-இல் அமெரிக்கரிடம் யார்க்டவுனில் சரணடைந்த காரன்வாலிஸ் பிரபு 1786-இல் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்து சேர்ந்துவிட்டார் என்பதையும் சரித்திர மாணவிகள் குறித்துக்கொள்ளலாம்.

ரேச்சல் 1813-இல் மறைந்தார். ரெவியர் 1818 மே 10-ஆம் நாள் எண்பத்து மூன்றாம் வயதில் இறந்தார். கிரானரி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ஊரார் அவரை நல்ல தொழில் நடத்திய பெரியவர் என்றே அப்போது நினைவுகூர்ந்தார்கள்; குதிரைச் சவாரி பெரும் பேச்சாக இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், 1860-இல், லாங்பெல்லோ என்னும் கவிஞர் அந்தச் சவாரியைப் பாட்டாக எழுதினார். பாட்டில் ரெவியர் கான்கார்டு வரை போய்ச் சேர்கிறார். டாஸும் பிரெஸ்காட்டும் காணோம். இருந்தாலும் அந்தப் பாட்டினால்தான் நாடு முழுதும் அவர் பெயர் பரவியது. அந்தக் கவிஞரின் முழுப்பெயர் ஹென்றி வாட்ஸ்வொர்த் லாங்பெல்லோ. பெனாப்ஸ்காட்டில் கைது செய்வேன் என்று மிரட்டிய அந்தத் தளபதி வாட்ஸ்வொர்த், கவிஞருக்குத் தாய்வழிப் பாட்டனார்.

பதினைந்து தோழர்களின் கிண்ணம் கைமாறிக் கைமாறித் தனியார் வசம் இருந்து, இருபதாம் நூற்றாண்டில் விற்பனைக்கு வந்தது. வெளியூர் போய்விடக் கூடாதே என்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் பொதுமக்களிடம் கையேந்தியது. பள்ளிப் பிள்ளைகளும் ஊராருமாக 700 பேர் நன்கொடை கொடுத்தார்கள். 1949-இல் அது அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. விளிம்பைச் சுற்றி அந்தப் பதினைந்து பெயர்களும் இன்றும் தெளிவாகப் படிக்கும்படி இருக்கின்றன.